மாட்டுக் கொட்டகைக்குப் போட்ட விளக்கு

மின்சார வேலையில் இருந்த காலத்தில் நான் போட்ட விளக்குகளுக்குக் கணக்கில்லை. துரை பங்களா, ஆபீஸ், ரப்பர் ஸ்டோர், புகைக்கூடு, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றிலும் என் கை பட்டிருக்கிறது. அவற்றில் ஒன்றும் மனசில் நிற்கவில்லை. கிராணி வீட்டுக்கும் அதன் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகைக்கும் போட்ட மூன்று விளக்குகள் மட்டும் நிற்கின்றன. மறக்கலாம் என்று எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அது மலாயாவின் ஜொகூரில், செகாமாட்டுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டம். முப்பதுகளின் நடுவில் நடந்தது. என் அப்பாவும் அம்மாவும் அங்கே பால் மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். நானும் பதினாறு வயது வரை வெட்டினேன். பிறகு அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடிப் போய், ஒரு சீனர் கடையில் நாலு வருஷம் வயரிங் வேலை கற்றுக்கொண்டேன். அந்தக் கடை முதலாளி, தவுக்கே என்போம், என்னை அனுப்பாத வீடில்லை. வெள்ளைக்காரர் வீடு, சீனர் வீடு, அரபு வியாபாரி வீடு என்று எல்லா வீட்டிலும் படுக்கையறை வரைக்கும் போயிருக்கிறேன். கட்டிலை நகர்த்தச் சொன்னால் வீட்டுக்காரரே நகர்த்துவார். வயர்மேன் வந்தால் வழி விடுவார்கள், அதுதான் உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இறந்த செய்தி கேட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியபோதும் அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

நான் திரும்பிய நேரம் தோட்டத்துக்கு இரண்டாவது எஞ்சின் வந்திருந்தது. ராப்பகலாகக் கரண்ட் ஓடியது. துரைக்கு ஒரு வயர்மேன் தேவைப்பட்டான். என்னைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் இரண்டு விஷயம் சொன்னார். மூன்று மாசம் பார்ப்பார். வேலை சரியாக இருந்தால் வயர்மேன் என்று புத்தகத்தில் பேர் ஏறும், இல்லாவிட்டால் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு காட்டு வேலைக்குப் போக வேண்டும். இது ஒன்று. கம்பி இணைப்பில் என் கை தவிர வேறு கை படக் கூடாது, பட்டால் அதற்கு நான்தான் பொறுப்பு. இது இரண்டாவது. நான் தலையாட்டினேன். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் மரம் மரமாக ஓடும் பிழைப்புக்குத் திரும்பிப் போவதை விட எஞ்சின் ரூமில் பட்டினி கிடப்பேன் என்று நினைத்த காலம் அது.

மூன்று மாசத்தில் இரண்டு முடிந்திருந்தபோது புலி வந்தது.

அந்தக் காலத்து ஜொகூரில் புலி வருவது பெரிய அதிசயம் இல்லை. தோட்டத்தைச் சுற்றிக் காடுதான். ஆனால் இந்தப் புலி பெரிய கிராணி வீட்டுக் கொட்டகைக்கு வந்து கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பெரிய கிராணி என்றால் தோட்டத்து ஆபீசுக்குத் தலைவர். துரைக்குப் போகும் எந்தக் காகிதமும் அவர் கையைத் தாண்டித்தான் போகும். துரைக்கு அடுத்தபடி அவர்தான். எங்களுக்கெல்லாம் துரைக்கும் மேலே அவர். கன்று போன மறுநாள், மிச்சம் இருந்த தாய்ப்பசுவைக் காப்பாற்ற என்னென்ன செய்ய முடியுமோ எல்லாம் செய்தார். கயிற்றைப் புலி அறுத்துவிட்டது என்று இரும்புச் சங்கிலி வாங்கினார். மூங்கில் தூண்களைப் பிடுங்கிவிட்டு ஸ்டோரில் கிடந்த பழைய இரும்புக் குழாய்களை நட்டார். அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டார். கடைசியாக, வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் கொட்டகையிலும் பெரிய வெளிச்ச விளக்குகள் போட வேண்டும் என்று துரையிடம் கேட்டார். அந்தப் பசுவின் பால்தான் பங்களாவுக்கும் போனது. துரை உடனே கையெழுத்துப் போட்டார். விளக்குகள் ஜொகூர் பாருவிலிருந்து லாரியில் வந்தன. அண்டா மூடி அளவுக்கு எனாமல் பூசிய தொப்பியும் அதற்குள்ளே பெரிய பல்புமாக, பார்க்கவே ஆசையாக இருந்தன.

"இதுதான் உனக்குப் பரீட்சை" என்று துரை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பரீட்சை நான் நினைத்த இடத்தில் வரவில்லை. ஏணியும் சாமானுமாகக் கிராணி வீட்டு வாசலுக்குப் போனேன். சுவிட்சுப் பலகை எங்கே என்று கேட்டேன். கூடத்தில், சாமி அறைச் சுவரில் இருப்பதாகக் கிராணி சொன்னார். நான் செருப்பைக் கழற்றினேன்.

"நீ எங்க வர்ற?" என்றார்.

"பலகையப் பாக்கணும் ஐயா. புது சுவிட்சு மூணு அதுலதான் வைக்கணும்."

"வெளிய வேலையை நீ பாரு. உள்ள பாத்துக்க வேற ஆள் இருக்கு."

எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் பொய். புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் பிடித்தது, அவ்வளவுதான். தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருந்த வரிசை வீடுகள், அதாவது லயங்கள், ஆறு. நாங்கள் ஆற்றோரத்துக் கடைசி லயத்துக்காரர்கள். ஊரில் சேரி என்பதை இங்கே கடைசி லயம் என்றார்கள். கடல் தாண்டி வந்ததில் மாறியது அந்தப் பெயர் ஒன்றுதான். எங்கள் லயத்து ஆள் கிராணி வீட்டுப் படியேறியதில்லை. சிங்கப்பூரில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்த நான் அதை மறந்திருந்தேன். வீட்டுக்குள்ளே முதன்முதலில் விளக்குப் போட்ட சீன வயர்மேன் செருப்புக் காலோடு அந்தக் கூடத்தில் நடந்ததும், அவனுக்குக் காப்பி டம்ளரில் கொடுத்ததும் எனக்குப் பிறகு தெரிய வந்தது. நான் சீனனாகப் பிறந்திருந்தால் அந்தப் பசு இன்னும் நாலைந்து கன்று போட்டிருக்கும்.

சுவிட்சுகளை வெளிச்சுவரில் வைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ராத்திரி புலி வந்தால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போயா விளக்குப் போடுவது என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அந்த வீட்டில் நியாயத்துக்குக் குறைச்சல் இல்லை.

உள்ளே பார்த்துக்கொள்ள இருந்த "வேற ஆள்" கிராணியின் மைத்துனர். அக்காள் வீட்டில் தங்கி, சர்க்கார் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நல்ல மனுஷன்தான். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்தவர். மின்சாரத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருந்தார். கம்பியைத் தொட்டதில்லை.

நான் அப்போதே ஏணியைத் தூக்கிக்கொண்டு துரையிடம் போயிருக்க வேண்டும். உங்கள் உத்தரவுப்படி என் கை மட்டும்தான் படலாம், ஆனால் என் கையை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். பயம் கொஞ்சம் இருந்தது. ஆனால் பயத்தை விட வெட்கம் பெரிதாக இருந்தது. ஏன் விடவில்லை என்று அந்த வெள்ளைக்காரர் கேட்பார். நான் இன்ன சாதி என்று என் வாயாலேயே அவரிடம் சொல்ல வேண்டும். அவர் கண்ணில் நான் அதுவரை வயர்மேனாக மட்டும்தான் இருந்தேன். அதை நானே கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

வெளி வேலை முழுவதையும் மூன்று நாளில் முடித்தேன். வீட்டு முகப்பில் ஒரு விளக்கு, சமையல்கட்டு மூலையில் ஒன்று. அங்கிருந்து பீங்கான் குமிழ்களில் கம்பியை இழுத்து, முற்றத்தின் மேலாகக் கொட்டகைக்குக் கொண்டுபோய் அதன் முகட்டில் மூன்றாவது விளக்கு. அதற்கு இரும்புக் கை ஒன்று அடித்துத் தகரக் கூரையோடு சேர்த்து முறுக்கினேன். என் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அப்போது நினைத்தேன். நாலாம் நாள் கம்பிகளைக் கூடத்து ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினேன். மைத்துனர் உள்ளே இருந்து வாங்கிக்கொண்டார். நான் வெளியே, ஏணியில் நின்றபடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தேன். சுவிட்சுப் பலகை பக்கவாட்டுச் சுவரில் இருந்ததால் எனக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"மெயினை எறக்கிட்டீங்களா ஐயா?"

"எறக்கியாச்சு."

"செவப்புக் கம்பி சுவிட்சுக்குப் போகணும். கறுப்பு சுவிட்சுக்குப் போகக் கூடாது, நேரா அந்த இணைப்புக் கட்டைக்குப் போயிடணும். மூணுக்கும் அப்படித்தான்."

"தெரியும், தெரியும்" என்றார்.

படித்தவர்கள் "தெரியும்" என்று இரண்டு தடவை சொன்னால் நம்பக் கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு நம்பினேன். அவர் முதல் இரண்டு சுவிட்சுகளை நான் சொன்னபடியே செய்தார். மூன்றாவதில், அதாவது கொட்டகை விளக்கில், அவருக்குத் தனியாக ஒரு யோசனை வந்தது. சிவப்பு என்றால் அபாயம். கொட்டகை சுவிட்சைத்தான் அக்காள் ராத்திரியில் எழுந்து ஈரக் கையோடு தொடுவாள். அதனால் அபாயமான கம்பியை அவள் விரலுக்குக் கீழே வைக்காமல் கறுப்பை வைப்பதுதான் நல்லது. அக்காள் மேல் உள்ள பாசத்தில் அப்படிச் செய்தார். அதை என்னிடம் சொல்லவில்லை.

மின்சாரம் தெரியாதவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். சிவப்புக் கம்பியில்தான் கரண்ட் வரும். சுவிட்சு அதை மறித்தால், விளக்கை அணைத்த பிறகு வெளியே போகும் கம்பியில் ஒன்றும் இருக்காது, குழந்தைகூடத் தொடலாம். சுவிட்சைக் கறுப்பில் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். பார்க்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அணைந்த பிறகும் விளக்கு வரைக்கும் கரண்ட் வந்து நின்றுகொண்டே இருக்கும், ராத்திரி பகல் எந்நேரமும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. வீட்டுக்குள் போக வேண்டிய தேவையே இல்லாத வழி. சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, கொட்டகை மேல் ஏறி, டெஸ்டு பல்பை வைத்துப் பார்த்தால் போதும். எந்த வேலையை முடித்தாலும் நான் அதைச் செய்யாமல் இருந்ததில்லை. தவுக்கே என் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. அன்றைக்கு மட்டும் செய்யவில்லை. காரணம் இதுதான்.

பொழுது சாயும் நேரத்தில் மூன்று விளக்குகளையும் போட்டார்கள். வீடும் முற்றமும் கொட்டகையும் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டன. முற்றத்து மண்ணில் கிடந்த வைக்கோல் ஒவ்வொன்றும் தெரிந்தது. மேல் லயத்திலிருந்தும் ஆட்கள் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பசு மிரண்டுபோய்ச் சங்கிலியை இழுத்தது. கிராணி முகத்தில் அதுவரை நான் பார்க்காத சந்தோஷம். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும். கிராணியின் மனைவி, பின்வாசல் படியில் காலிப் பால் டின் ஒன்றில் காப்பி வைத்துவிட்டுப் போனார். நான் குடித்தேன். குடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா கூடத்துக்குள்ளிருந்து ஜன்னல் கம்பிகளில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் பிடித்துக்கொண்டு நின்ற கம்பிகளில். நான் போட்ட விளக்கின் வெளிச்சத்தில் அந்தத் தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக வழிந்ததை நான் பார்த்தேன்.

டின்னைப் படியில் வைத்தேன். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். டெஸ்டு பல்பு என் பைக்குள்ளேயே கிடந்தது. எக்கேடு கெட்டுப் போங்கள் என்று நினைத்தேன். வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. புலியும் வரவில்லை. துரை ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, நல்ல வேலை என்று என் முதுகில் தட்டினார். மூன்று மாசக் கெடு முடிய ஆறேழு நாள்தான் இருந்தது. அப்பாவுக்கு உள்ளூரப் பெருமை. லயத்தில் யார் விளக்கைப் பற்றிப் பேசினாலும் கேட்காதவர் மாதிரி வெற்றிலை மடிப்பார், ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருக்கும்.

அந்த வாரம் ஒருநாள் மத்தியானம் காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணி இருக்கும். நான் எஞ்சின் ரூமில் இருந்தேன். கிராணி வீட்டுக் கொட்டகையில் சாணி அள்ளும் அக்கா தொப்பலாக நனைந்தபடி ஓடி வந்தார். எங்கள் லயத்துக்காரர்தான். வலது கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"மாடு துள்ளி விழுந்துடுச்சு தம்பி. எழுப்பலாம்னு தூணைப் புடிச்சேன். என்னையத் தூக்கி எறிஞ்சிடுச்சு."

கிராணி வீடுகளுக்குப் போகும் லைனை உடனே இழுத்து அணைத்துவிட்டு ஓடினேன். ஓடும்போதே மனசு கணக்குப் போட்டது. மழையில் காற்று விளக்கை ஆட்டியிருக்கும். கம்பியின் ரப்பர்த் தோல் இரும்புக் கையில் உரசிக் கிழிந்திருக்கும். இரும்புக் கையிலிருந்து தகரம், தகரத்திலிருந்து குழாய்த் தூண், தூணிலிருந்து சங்கிலி. எல்லாம் சரி. ஆனால் பட்டப்பகலில் விளக்கு அணைந்திருக்கும்போது அந்தக் கம்பியில் கரண்ட் எப்படி வந்தது? பாதி வழியிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

பசு பக்கவாட்டில் கிடந்தது. சேறும் மூத்திரமுமாக ஈரத்தில் நாலு காலும் பதிந்து நின்ற பிராணி. மனுஷனைத் தூக்கி எறியும் கரண்ட் அதைக் கொன்றுவிடும். கிராணியின் மனைவி மழையில் நின்று தலையிலடித்துக்கொண்டு அழுதார்.

"கட்டுன கட்டுலயே செத்துடுச்சே. அவுத்துக்கூட விடலியே."

கட்டிய பசு கட்டிலேயே செத்தால் அந்த வீட்டுக்குப் பாவம் என்பார்கள். அந்த அம்மாவின் அழுகையில் பொய் இல்லை. ஆனால் தூணைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்ட அக்கா நாலு அடி தள்ளி, கையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். கை என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவருக்கு அந்தக் கையில் மூன்று விரல்கள் பிறகு சரியாக மடங்கவே இல்லை.

நான் யாரையும் கேட்கவில்லை. பின்வாசல் வழியாக ஏறி, சேற்றுக் காலோடு சமையல்கட்டைத் தாண்டி, கூடத்துக்குள் போனேன். மூன்றாவது சுவிட்சின் மூடியைக் கழற்றினேன். உள்ளே கறுப்புக் கம்பி இருந்தது. அழகாக, ஒழுங்காக, மைத்துனர் திருகாணியை இறுக்கி வைத்திருந்தார். பின்னாலேயே கிராணியும் மைத்துனரும் வந்தார்கள்.

"பாருங்க ஐயா. நான் செவப்பு சொன்னேன். இவரு கறுப்பை வச்சிருக்காரு."

மைத்துனர் முகம் வெளுத்துவிட்டது. அக்காளுக்குக் கை படும் என்றுதான் மாற்றியதாக அப்போதுதான் மெதுவாகச் சொன்னார். மறைக்கவில்லை. ஆனால் கிராணி சுவிட்சைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார். சிவப்புச் சிமெண்டுத் தரையில் என் காலடிகள் சமையல்கட்டிலிருந்து சாமி அறைச் சுவர் வரைக்கும் வந்திருந்தன.

"உள்ள வந்துட்டியா?" என்றார்.

பசு செத்துக் கிடக்கிறது, ஒரு பொம்பளை செத்துப் பிழைத்து நிற்கிறாள், அவருக்குத் தரைதான் கண்ணில் பட்டது. அன்றைக்கு என் கையில் இருந்த திருப்புளியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றும் செய்யவில்லை. வெளியே வந்து முற்றத்தில் நின்றேன். மழை குறைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கிராணி குடை பிடித்துக்கொண்டு வந்தார். ஆபீஸ் குரலில் பேசினார்.

"இதைத் துரைகிட்ட எப்படி எழுதறது?"

"நடந்ததை எழுதுங்க ஐயா."

"நடந்ததுன்னா என்ன? வயர்மேன் வெளிய நின்னுக்கிட்டு வேலை தெரியாத ஆளைக் கம்பியில கை வைக்க விட்டான்னு எழுதட்டுமா?"

"நீங்கதானே என்னைய உள்ள விடல."

"விடலேன்னு நீ துரைகிட்ட போயிச் சொன்னியா? சொல்லலியே. வேலை முடிஞ்சதும் ஏறிப் பாத்தியா? நீ ஏணியத் தூக்கிட்டுப் போனதை நாலு பேரு பாத்திருக்காங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. உண்மையை வைத்தே ஒருத்தன் கழுத்தை நெரிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இடி விழுந்து செத்துச்சுன்னு எழுதிடறேன்" என்றார். "மழைக்காலம், யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. இவனுக்குச் சர்க்கார் வேலை வர்ற நேரம், இவன் பேரு கெடக் கூடாது. உன் பேரும் மாசக் கடைசில புத்தகத்துல ஏறும். நான் பாத்துக்கறேன்."

நான் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

"மாட்டைப் பொழுது போறதுக்குள்ள எடுத்துடணும். உங்க லயத்து ஆளுங்களக் கூட்டிட்டு வா."

"தோட்டத்துல சுத்தம் பண்ற ஆளுங்க இருக்காங்களே ஐயா. அவங்க எல்லா லயத்திலேருந்தும் வர்றாங்க."

"அவங்க சாக்கடைக்கு. இது உங்க ஆளுங்க வேலை. நீயும் கூட இருக்கணும். நீ இருந்தாத்தான் அவங்களும் வெளிய பேச மாட்டாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார், ஸ்டோரிலிருந்து ஒரு சாமான் கேட்பது போல. நான் பிறந்தது இந்தத் தோட்டத்தில். ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. செத்த மாட்டைத் தூக்குவதை நான் செய்ததும் இல்லை, யாரும் செய்து பார்த்ததும் இல்லை. ஆனால் அவர் "உங்க ஆளுங்க வேலை" என்றபோது எனக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தில் வயர்மேன் என்று என் பேரை ஏற்றுவதாகச் சொன்ன அதே வாய்தான் அதைச் சொன்னது.

லயத்துக்குப் போனேன். அப்பா மரம் வெட்டிவிட்டு வந்து, குளித்து, வாசலில் உட்கார்ந்திருந்தார். கிராணி வீட்டுப் பசு செத்துவிட்டது, எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எப்படிச் செத்தது, ஏன் நம்மைக் கூப்பிடுகிறார்கள், நீ ஏன் வந்து சொல்கிறாய் என்று எதையும் கேட்கவில்லை. உள்ளே போய் வேட்டியைக் கழற்றிவிட்டுக் கோவணத்தோடு வந்தார். பக்கத்து வீடுகளில் நாலு பேரைக் கூப்பிட்டார். கூரையிலிருந்து நீளக் கட்டை ஒன்றை உருவினார்.

"நீ இருடா" என்றார். "நாங்க பாத்துக்கறோம். நீ வயர்மேன்."

"நானும் வரணுமாம்பா."

அப்பா கட்டையைத் தோளில் மாற்றிப் போட்டார். பிறகு "சரி, வா" என்றார்.

கொட்டகையில் நாங்கள் ஆறு பேர். மற்ற நாலு பேரும் என்ன செய்வது என்று தெரியாமல் பசுவைச் சுற்றி நின்றார்கள். அவர்களும் இங்கேயே வளர்ந்தவர்கள். அப்பா மட்டும் யாரையும் கேட்காமல் குனிந்தார். முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று, பின்னங்காலுக்கு ஒரு சுற்று, நடுவில் கட்டையைச் செருகி ஒரு முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பார். இருபத்தைந்து வருஷம் மரம் வெட்டிய அந்தக் கைக்கு இது இன்னும் மறக்கவில்லை. தலை தொங்கித் தரையில் உரசாமல் இருக்கக் கொம்போடு சேர்த்துத் தனியாக ஒரு கயிறு போட்டார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அவருக்கும் நான் பார்ப்பது பிடிக்கவில்லை என்று முதுகிலேயே தெரிந்தது.

கட்டையின் முன்முனையில் அப்பா, எனக்குப் பக்கத்தில். தோளில் பாரம் ஏறியதும் சேற்றில் கால் முழங்கால் வரை போனது. முற்றத்தைத் தாண்டி, மேல் லயத்து முன்னால், ஸ்டோர் முன்னால், எஞ்சின் ரூம் முன்னால்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். வேறு பாதை இல்லை. எஞ்சின் டிரைவர் வாசலுக்கு வந்து பார்த்தார். அன்று காலை வரைக்கும் எனக்குத் தன் காப்பியில் பாதி ஊற்றித் தந்தவர். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அவர் எனக்குக் காப்பி தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மைத்துனரும் கூட வந்தார். கிராணிதான் அனுப்பியிருந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பத்தடி பின்னால் வந்தார். நாங்கள் குழி தோண்டியபோதும் அங்கேயே நின்றார்.

"இருட்டப் போவுது, நீங்க போங்க ஐயா. நாங்க மூடிட்டு வர்றோம்" என்று நான் சொன்னேன்.

அவர் தயங்கினார். "அத்தான் பாத்துட்டு வரச் சொன்னாரு" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அறுத்து எடுத்துட்டுப் போயிடாம" என்றார்.

சொன்னதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது, காது சிவந்தது. பசுவைக் கொன்றவர் நாங்கள் தின்றுவிடாமல் காவல் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாகச் சிரிப்புதான் வந்தது. அப்பா மண்வெட்டியை நிறுத்தவில்லை. குழி மூடும்வரை மைத்துனர் நின்று, மண்ணைக் காலால் ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆற்றில் இறங்கிக் குளித்தோம். மற்றவர்கள் கரையேறிப் போய்விட்டார்கள். அப்பா மணலை அள்ளித் தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கழுவ அங்கே ஒன்றும் இல்லை, ஆனால் தேய்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஜன்னல், கறுப்புக் கம்பி, நான் பார்க்காமல் விட்டது, கிராணி எழுதப்போகும் காகிதம் எல்லாம். அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"அப்ப வேலை நிக்கும்" என்றார்.

"நிக்கும்."

"எங்கப்பா இதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தாரு. பதினெட்டு வயசு வரைக்கும் நானும் பண்ணேன். இதை விட்டு ஓடத்தான் கப்பல் ஏறுனேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்."

அதற்குமேல் அவர் அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, சாகும்வரையும் பேசவில்லை. மாசக் கடைசியில் கிராணி சொன்னபடியே என் பேரை எழுதினார், துரை கையெழுத்துப் போட்டார். நான் கத்தியை மறுபடி தொடவில்லை. அந்தத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் வயர்மேனாக இருந்தேன். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது என் படிப்பு இல்லை, என் கைத்திறமையும் இல்லை. அப்பா போட்ட அந்த முடிச்சுதான்.